எம்எஸ் சிகிச்சை: நோயாளி "பரவாயில்லை" என்கிறார், டாக்டர் "நிலை சீர்" என்கிறார், ஊசி மட்டும் ஏன் மிச்சமாகிறது?

கேள்வி: கிளினிக் கொப்பி (தாதி)

எல்லாருக்கும் வணக்கம்.

நுவரெலியா மாவட்டத்து அரச வைத்தியசாலை ஒன்றின் கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்எஸ், மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் நரம்புறையைத் தாக்கும் நோய்) நோயாளர் எங்களிடம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நிபுணரைப் பார்ப்பது கண்டியில், மாதாந்த மருந்தும் இரத்தப் பரிசோதனையும் எங்களிடம். பெரும்பாலானவர்களுக்கு வாரம் ஒருமுறை போடும் இண்டர்ஃபெரோன் பீட்டா-1ஏ ஊசி. மற்றவர்களில் சிலர் ஃபிங்கோலிமோட் குளிசையில், ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிட்டுக்சிமாபில்.

சிகிச்சை எப்படி இருக்கு என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: "பரவாயில்லைங்க மிஸ்." டாக்டரின் குறிப்பிலும் "நிலை சீர், அதே மருந்து." காகிதத்தில் பார்த்தால் இரண்டு பக்கமும் திருப்திதான். ஆனால் நாலு வாரத்துக்கு நாலு ஊசி கொடுத்துவிட்டால், அடுத்த முறை ஒன்றோ இரண்டோ வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று துணைக்கு வந்தவர் மெதுவாகச் சொல்கிறார்.

நோயாளியின் திருப்தியையும் டாக்டரின் திருப்தியையும் தனித்தனியாகக் கேட்டுப் பதிவுசெய்ய அனுமதி கிடைத்திருக்கிறது. எந்தக் கேள்விகளைக் கேட்பது? டாக்டரிடம் என்ன கேட்பது? இரண்டு பக்கமும் ஒத்துவராதபோது என்ன செய்வது? ஊசி மிச்சமாவதற்கு வழக்கமான காரணங்கள் தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில் 1: நரம்புநார் (நரம்பியல் பிரிவு வைத்தியர்)

மிஸ், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு பொருளை அளக்கிறார்கள்.

டாக்டர் பார்ப்பது வராமல் போனதை. மீள்தாக்கம் (நோய் மறுபடி தாக்குவது) வரவில்லை, எம்ஆர்ஐயில் புதுத் தழும்பு இல்லை, இயலாமையை அளக்கும் இடிஎஸ்எஸ் எண் ஏறவில்லை, அதனால் மருந்து வேலை செய்கிறது. நோயாளிக்கு, வராமல் போன தாக்கம் கண்ணுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது காலையில் எழும்போது கால் பாரம், ஊசி போட்ட ராத்திரி நடுக்கம், மத்தியானத்துக்கு மேல் அடித்துப்போடும் அசதி. எடின்பரோவில் 42 எம்எஸ் நோயாளரிடமும் அவர்களுடைய வைத்தியர்களிடமும் கேட்டு 1997இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்விலும் இதே இடைவெளிதான் தெரிந்தது. வைத்தியர்கள் உடல் இயலாமையைத்தான் முக்கியம் என்றார்கள். நோயாளர் மனநிலையையும் உடல் தெம்பையும் முன்னுக்கு வைத்தார்கள்.

ஆகவே கேள்வித்தாளுக்கு முன்னால் ஒரு விளக்கம் வேண்டும். இண்டர்ஃபெரோனும் கிளாட்டிராமர் என்ற இன்னொரு ஊசியும் மீள்தாக்க வீதத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கும். ஃபிங்கோலிமோட் வெற்று மருந்தோடு ஒப்பிட்ட பரிசோதனையில் பாதிக்குச் சற்று மேல் குறைத்தது. நாளத்தில் ஏற்றும் நாட்டலிசுமாப் மூன்றில் இரண்டு பங்கு. இதில் எதுவும் ஏற்கெனவே மரத்துப்போன காலைத் திருப்பித் தராது. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல நீண்ட வகுப்பு தேவையில்லை. மலையில் கான் (வடிகால்) வெட்டுவது எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். சரிந்த மண்ணைக் கான் திருப்பிக் கட்டாது, அடுத்த மழைக்குச் சரிவதைக் குறைக்கும். மருந்தும் அப்படித்தான் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து "ஊசி போட்டும் கால் சரிவரல்ல" என்ற ஏமாற்றத்தைத்தான் நீங்கள் திருப்தியின்மை என்று பதிவீர்கள்.

மருந்துத் திருப்தியை அளக்க உலகில் பரவலாகப் பாவிக்கும் கேள்வித்தாள் டிஎஸ்கியூஎம். 1.4 பதிப்பில் 14 கேள்விகள், நாலு பகுதிகள்: பலன், பக்கவிளைவு, பாவனை வசதி, மொத்தத் திருப்தி. ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 100 வரை புள்ளி, கூடினால் நல்லது. கணக்கு எளிது. வசதிப் பகுதியில் மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7. மூன்றையும் கூட்டி 3 கழித்து, 18ஆல் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். ஒருவர் 3, 4, 3 என்று சொன்னால் கூட்டுத்தொகை 10, கழித்தால் 7, புள்ளி ஏறக்குறைய 39. பலன் பகுதிக்கும் இதே கணக்கு. பக்கவிளைவே இல்லை என்றால் அந்தப் பகுதிக்கு நேராக 100. உரிமம் பெற்றுத்தான் பாவிக்க வேண்டும், வீட்டில் மொழிபெயர்த்த பிரதியை அதே பெயரில் பாவிக்கக் கூடாது.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. வசதி பற்றிய மூன்று கேள்விகளும் மருந்தை எடுக்கும் முறையைப் பற்றியவை. மருந்து இருக்கும் இடத்துக்கு வருவதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. நிபுணரைப் பார்க்க நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர், றம்பொடை வளைவுகளில் பஸ்ஸில். தோட்டத்திலிருந்து நுவரெலியா வரும் தூரம் அது போக. ஒரு நாள் சம்பளமும் போகும், துணைக்கு வருகிறவரின் சம்பளமும் போகும். வசதியில் 80 புள்ளி எடுத்தவர் மூன்று மாதமாக மருந்து எடுக்க வராமல் இருக்கலாம். பயணத்துக்கும் செலவுக்கும் தனியாக இரண்டு கேள்வி சேருங்கள், அந்தப் புள்ளியை மற்றதோடு கலக்காதீர்கள்.

டாக்டரிடம் மூன்றே கேள்வி போதும், 1 முதல் 7 வரை: நோய் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது, பக்கவிளைவு எவ்வளவு தொந்தரவு, இந்த நோயாளிக்கு இந்த மருந்தில் எவ்வளவு திருப்தி இருக்கும் என்று நினைக்கிறீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். நோயாளியின் பதிலைப் பார்க்குமுன் எழுதி வாங்க வேண்டும். பிறகு இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால், எந்த டாக்டர் எந்த நோயாளியின் மனதைத் தப்பாகக் கணித்தார் என்று உடனே தெரியும். யாரையும் குறை பிடிக்க இல்லை, அடுத்த முறை எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். இருபது பேருக்குக் குறைவாக இருந்தால் சதவீதம் போடாதீர்கள், ஆளாள் கணக்காகவே எழுதுங்கள்.

டாக்டருக்குத் திருப்தி, நோயாளிக்கு இல்லை என்றால் பெரும்பாலும் பக்கவிளைவு, அறிகுறிகள், பயணம், எதிர்பார்ப்பு இந்த நாலில் ஒன்று. மருந்தை மாற்றாமலே பலதைச் சரிசெய்யலாம். மறுபக்கம்தான் பயம்: நோயாளி நல்லாயிருக்கேன் என்கிறார், எம்ஆர்ஐயில் புதுத் தழும்புகள். அவருக்கு மருந்து மாற்ற மனம் வராது. படத்தைத் திரையில் காட்டி, பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பேசினால்தான் ஒப்புக்கொள்வார்.

பதில் 2: மருந்துக்கட்டு (மருந்தாளர்)

மிஸ், வாயால் வரும் பதிலைவிட வெற்றுச் சிரிஞ்சு நம்பகமானது. நாலு வாரத்துக்கு எத்தனை போக வேண்டும் என்பதை ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவையுங்கள்: வாரம் ஒருமுறை ஊசி என்றால் 4, வாரம் மூன்று முறை என்றால் 12, ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் 14, தினமும் போடும் கிளாட்டிராமர் 20 மில்லிகிராம் என்றால் 28. போட்ட ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில், மூடி இறுக்கி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அடுப்பில் போட்டு எரிப்பது, கானில் எறிவது இரண்டும் கூடாது. எண்ணுவதைச் சோதனை மாதிரிச் செய்தால் வெற்றுச் சிரிஞ்சோடு மருந்துள்ள சிரிஞ்சையும் ஊற்றிவிட்டுக் கொண்டுவருவார்கள். "மிச்சம் இருந்தால் அதையும் கொண்டுவாங்க, கணக்கில் கழிச்சுத் தாறேன்" என்று சொன்னால் சரியான எண் வரும்.

இண்டர்ஃபெரோன் மிச்சமாக முதல் காரணம் ஊசி போட்ட இரவு வரும் காய்ச்சல், நடுக்கம், உடம்பு வலி. ஊசிக்குப் பிறகு சில மணித்தியாலத்தில் தொடங்கி பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் அடங்கும். வெள்ளைக்காரர் வழிகாட்டியில் "மாலையில் போடவும்" என்று மட்டும் இருக்கும். தோட்டத்தில் விடிய முன்னமே எழும்பிப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போக வேண்டியவருக்கு அது போதாது. வாரம் ஒரு ஊசி என்றால் சனிக்கிழமை இரவு, அடுத்த நாள் வேலை இல்லை. ஊசிக்கு அரை மணித்தியாலம் முன்னம் பனடோல், ஆறு மணித்தியாலம் கழித்து இன்னொரு முறை.

அளவில் கவனம். எல்லாருக்கும் இரண்டு குளிசை என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் கணக்கு. 40 கிலோ உள்ள பெண்ணுக்கு ஒருமுறைக்கு 600 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை ஒன்று போதும். இண்டர்ஃபெரோனே ஈரலைத் தொடும் மருந்து, அதோடு மேலதிக பனடோலும் சேர்ந்தால் ஈரல் நொதியம் ஏறும். பிறகு டாக்டர் ஊசியை நிறுத்துவார், நோயாளி "ஊசி ஒத்துக்கொள்ளல்ல" என்பார், குற்றம் இரண்டு பேரிலும் இல்லை.

தொடக்கத்திலேயே முழு அளவு போட்டிருந்தால் அதையும் கேளுங்கள். வாரம் ஒருமுறை போடும் 30 மைக்ரோகிராம் ஊசியை முதல் வாரம் கால்வாசி, பிறகு அரை, முக்கால், நாலாவது வாரத்தில் முழுசாக என்று ஏற்றலாம். வாரம் மூன்று முறை போடும் 44 மைக்ரோகிராம் ஊசியில் முதல் இரண்டு வாரம் 8.8, அடுத்த இரண்டு வாரம் 22, ஐந்தாவது வாரத்திலிருந்து முழு அளவு. இடையில் ஒரு மாதம் விட்டுவிட்டுத் திடீரென்று முழு அளவு போட்டவருக்குக் காய்ச்சல் முதல் நாள் மாதிரியே அடிக்கும். அந்த இரவுக்குப் பிறகு அவர் மறுபடி ஊசியைத் தொடமாட்டார்.

ஊசி வலிக்கிறது என்றால் குளிர்ந்த மருந்தாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணித்தியாலம் வெளியே வைக்கச் சொல்வார்கள், ஆனால் நுவரெலியாவில் ராத்திரி அறையே குளிர்பெட்டி. உள்ளங்கைக்குள் வைத்து அல்லது கம்பளிக்குள் சுற்றி வைத்துச் சூடேற்றுங்கள். வெந்நீரில் போடுவது, அடுப்புத் திண்ணையில் வைப்பது மருந்தைக் கெடுக்கும். தோலுக்குக் கீழ் போடும் ஊசி என்றால் ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்குள் மறுபடி போடக் கூடாது. கிளாட்டிராமர் போடுகிறவருக்கு ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் குழி விழும், அது திரும்ப நிரம்புவதில்லை. இளம் பெண்கள் ஊசியை விடுவதற்கு இது ஒரு காரணம், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பெண் தாதி ஒருவர் திரைக்குப் பின்னால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கிளாட்டிராமர் போட்ட சில நிமிடத்தில் நெஞ்சு இறுக்கம், முகம் சிவத்தல், படபடப்பு வரலாம். பெரும்பாலும் கால் மணித்தியாலத்தில் தானாக அடங்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மாரடைப்பு என்று பயந்து ஊசியை விட்டுவிடுவார்கள். அடங்காமல் கூடிக்கொண்டே போனால், மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும்.

மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோக ரெஜிஃபோம் பெட்டி. ஐஸ் பொதியைப் பத்திரிகைத்தாளில் இரண்டு சுற்று சுற்றி, ஊசிப் பெட்டி அதில் முட்டாமல் வைக்க வேண்டும். உறைந்துபோன இண்டர்ஃபெரோன் உருகினாலும் பாவிக்க ஏலாது. லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) குளிர்சாதனப் பெட்டி இல்லாதவருக்கு எந்த மருந்து என்பதை நிபுணரிடம் சொல்லித்தான் தெரிவுசெய்ய வேண்டும். இண்டர்ஃபெரோன் பீட்டா-1பி தூள் 25 பாகைக்குக் கீழ் வெளியே இருக்கலாம். கிளாட்டிராமர் 15 முதல் 25 பாகைக்குள் ஒரு மாதம் வரை வெளியே தாங்கும். இதைக் கேட்காமல் மருந்தெழுதி, பிறகு அவர் கடைக்காரர் வீட்டுக் குளிர்பெட்டியில் மருந்தை வைத்து, கடை பூட்டியதால் ஊசி தவறி, கணக்கில் "ஒத்துழையாத நோயாளி" என்று விழுவது நியாயமே இல்லை.

பதில் 3: சொல்லும் பொருளும் (மருத்துவ மொழிபெயர்ப்பாளர்)

அக்கா, கேள்வி எத்தனை என்பதைவிட எந்தச் சொல்லில் கேட்கிறோம் என்பது முக்கியம்.

"திருப்தியா?" என்று டாக்டர் இருக்கும் அறையில் கேட்டால் இல்லை என்று சொல்வது நம் ஆட்களுக்கு மரியாதைக் குறைவு. இலவசமாகக் கிடைக்கும் மருந்தைக் குறை சொல்வது நன்றி கெட்ட வேலை என்றும் நினைப்பார்கள். அதனால் மருந்து தரும் ஆளும் கேள்வி கேட்கும் ஆளும் வேறாக இருக்கட்டும். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இல்லாமல், தமிழ் பேசும் ஒருவர் வாசித்துக் கேட்கட்டும். 1 முதல் 7 என்ற எண் புரியாதவருக்கு ஏழு படி வரைந்து காட்டலாம். படி ஏறி இறங்கித்தான் லயத்துக்குப் போகிறார்கள், உடனே விளங்கும்.

அறிகுறிச் சொற்களில் இரண்டு இடத்தில் பெரும் தவறு நடக்கிறது. "கால் விறைச்சுப் போச்சு" என்று ஒருவர் சொன்னால், உணர்ச்சி இல்லை என்றும் இருக்கலாம், மடக்க முடியாமல் இறுகிவிட்டது என்றும் இருக்கலாம். டாக்டருக்குச் சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொல்பவர் ஒன்றைத் தெரிவுசெய்துவிடுவார். இறுக்கம் என்று போனால் தசையைத் தளர்த்தும் பக்லோஃபென் எழுதப்படும், உண்மையில் மரத்துப்போன கால் அதனால் இன்னும் தளர்ந்து விழுத்தும். "கிள்ளினால் தெரியுதா? மடக்கினால் மடங்குதா?" என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். அடுத்தது "களைப்பு". வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்த உத்தியோகத்தருக்கு அது மூச்சு வாங்குவதாகக் கேட்கும், நெஞ்சுப் படம் எடுக்க அனுப்பிவிடுவார். எம்எஸ் அசதிக்கு "உடம்பு அசந்து போகுதா, தூங்கி எழும்பினாலும் போகலியா" என்று கேட்டால் தவறாது.

கிளினிக் கொப்பி:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. மருந்தாளர் ஐயா சொன்ன சனிக்கிழமை விசயம் எங்கள் அட்டையில் இல்லவே இல்லை, இந்த வாரமே சேர்க்கிறேன்.

டாக்டர், இரண்டு சந்தேகம். மண்சரிவில் பாதை மூடினால் ஃபிங்கோலிமோட் எடுப்பவர்களுக்குக் குளிசை இடைவெளி விழுகிறது. 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதும் இதே பிரச்சினை. எத்தனை நாள் விட்டால் பிரச்சினை? மற்றது, ஊசி ஒன்றும் தவறாமல் போட்டும் மீள்தாக்கம் வருகிற நோயாளர். அவர்களுக்கும் திருப்தி இல்லை, டாக்டருக்கும் இல்லை. அங்கே என்ன பார்க்க வேண்டும்?

பதில் 4: நரம்புநார்

ஃபிங்கோலிமோடுக்கு நாள் கணக்கு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தொடங்கி முதல் இரண்டு வாரத்தில் ஒரு நாள் விட்டாலும், மூன்றாம் நாலாம் வாரத்தில் 7 நாளுக்கு மேல் விட்டாலும், ஒரு மாதம் தாண்டிய பிறகு 14 நாளுக்கு மேல் விட்டாலும் வீட்டில் சும்மா திரும்பத் தொடங்கக் கூடாது. முதல் குளிசை மாதிரியே வைத்தியசாலையில் 6 மணித்தியாலம் இருக்க வேண்டும்: முன்னும் பின்னும் ஈசிஜி, மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும். நாடி 4, 5 மணித்தியாலத்தில்தான் அதிகம் இறங்கும், ஆகவே மூன்று மணித்தியாலத்தில் நல்லாயிருக்கு என்று பஸ் ஏற்றிவிடாதீர்கள். பாதை மூடும் மாதங்களுக்கு முன்னால் இரண்டு மாதக் குளிசையைச் சேர்த்துக் கொடுக்க நிபுணரிடம் எழுதி வாங்கிவையுங்கள். நிறுத்தியே விட்டால் சில மாதத்துக்குள் நோய் முன்பைவிட மோசமாகத் திருப்பி அடிக்கலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் கருத்தரிக்க இரண்டு மாதத்துக்கு முன்னமே இதை விட வேண்டும், அதனால் விடுவதற்கு முன்னமே அடுத்த மருந்து தீர்மானமாகியிருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், இது எனக்கு மிகவும் மனதுக்கு நெருக்கமான விசயம். இரண்டு பேருக்கும் திருப்தி இல்லாத இடத்தில் மருந்தைத் திட்டுவதற்கு முன்னம் நோயின் பெயரைச் சந்தேகிக்க வேண்டும். நம் ஆசிய நாடுகளில் எம்எஸ் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா (கண் நரம்பையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்கும் வேறு நோய்) உள்ளவர்கள் இருப்பார்கள். முள்ளந்தண்டு வடத்தில் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கோ அதற்கு மேலோ தழும்பு, இரண்டு கண்ணிலும் கடுமையான பார்வை இழப்பு, காரணமில்லாமல் நிற்காத விக்கல் அல்லது வாந்தி இவை இருந்தால் அக்குவாபோரின்-4 எதிர்ப்பொருள் பரிசோதனை செய்யாமல் நகரக் கூடாது. இண்டர்ஃபெரோன், ஃபிங்கோலிமோட், நாட்டலிசுமாப் அந்த நோயை மோசமாக்கலாம். ஊசி போடப் போட மோசமாகுது என்று ஒரு நோயாளி சொன்னால், அதைக் குறை சொல்லல் என்று தள்ளிவிடாமல் கொப்பியில் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள்.

எம்எஸ்தான் என்று உறுதியானால், மருந்து தோற்றதா என்று பார்க்கச் சரியான தொடக்கப் படம் வேண்டும். மருந்து தொடங்குமுன் எடுத்த எம்ஆர்ஐயோடு ஒப்பிட்டால், மருந்து பிடிப்பதற்கு முன்னம் வந்த தழும்பையும் மருந்தின் தோல்வி என்று எண்ணிவிடுவோம். தொடங்கி 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு படம், பிறகு வருபவற்றை அதோடு ஒப்பிடுவது. அதற்குப் பிறகும் மீள்தாக்கமும் புதுத் தழும்பும் வந்தால் வலுவான மருந்துக்கு மாறும் பேச்சை எடுக்கலாம். ரிட்டுக்சிமாப் எம்எஸ்ஸுக்கென்று பதிவான மருந்தாக உருவானதல்ல. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023இல் கிளாட்டிராமர், கிளாட்ரிபைன் இரண்டோடும் சேர்த்து அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்எஸ்ஸுக்காக வைத்தது. போடுமுன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பயணச் சிக்கல் உள்ளவர்களுக்குப் பெரிய நிம்மதி, ஆனால் அந்த நாளைத் தவறவிட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் காப்பு மெல்ல மெல்லக் குறையும். நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள்.

இன்னொன்று. இண்டர்ஃபெரோன் எடுப்பவரின் திருப்திப் புள்ளி திடீரென்று விழுந்தால் மனச்சோர்வைக் கேளுங்கள். "கடந்த இரண்டு வாரத்தில் மனசு சோர்ந்து போய் இருந்துச்சா, முன்னம் ஆசையாச் செஞ்ச வேலை இப்பப் பிடிக்கலியா" என்ற இரண்டு கேள்வியும் தாளில் இருக்க வேண்டும். ஆம் என்றால் உயிரை மாய்க்கும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும், அடுத்த கிளினிக் வரை விடக் கூடாது.

பதில் 5: கால்வலு (இயன்மருத்துவர்)

நோயாளியின் அதிருப்தியில் பெரும்பங்கு எம்எஸ் மருந்தே தொடாத அறிகுறிகளில் இருக்கிறது. அதனால் சுருக்கமாக மூன்று விசயம்.

நடை. 25 அடி, அதாவது 7.62 மீட்டர், சுவரில் இரண்டு கோடு போட்டு, பாதுகாப்பாக எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகத்தில் நடக்கவிட்டு நேரம் எடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூடினால் உண்மையான மாற்றம். ஆனால் சமதளத்தில் 6 விநாடியில் நடப்பவர் மலையில் கொழுந்துக் கூடையோடு ஏற முடியாமல் இருப்பார். ஆகவே லயத்திலிருந்து ரோட்டுக்கு எத்தனை படி, எத்தனை இடத்தில் உட்காருகிறார் என்றும் எழுதுங்கள். கைக்கு, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஒடிக்கும்போது தண்டு நழுவுகிறதா, கசங்குகிறதா என்று கேளுங்கள். அந்தப் பெண்ணின் வயிற்றுப்பாடு அந்த இரண்டு விரலில்தான் இருக்கு.

வெப்பமும் குளிரும். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே பழைய அறிகுறி தலைதூக்கும்: புகையடுப்பு, சுடுதண்ணீர்க் குளியல், தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் அறை. ஆறினால் சரியாகிவிடும், அது மீள்தாக்கம் இல்லை. காலைக் குளிரோ தசை இறுக்கத்தைக் கூட்டும். பக்லோஃபென் எடுப்பவருக்கு 5 மில்லிகிராம் மூன்று வேளையில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை மெதுவாக ஏற்றுவது வழக்கம். குளிசை தீர்ந்துவிட்டது என்று ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பும் புத்தி தடுமாற்றமும் வரலாம், இதைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுங்கள். சிலர் அந்த இறுக்கத்தை ஊன்றித்தான் நிற்கிறார்கள், முழுதாகத் தளர்த்தினால் விழுவார்கள்.

சிறுநீர். இதை யாரும் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், பெண்கள் அறவே சொல்லமாட்டார்கள். கக்கூசு லயத்துக்கு வெளியே, ராத்திரி இருட்டில் நடக்கப் பயம், மலையில் வேலை நேரத்தில் ஒதுங்க இடமில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையே விடுகிறார்கள். சிறுநீரில் கிருமித் தொற்று வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது, கால் விழுகிறது. வார்டில் மீள்தாக்கம் என்று எண்ணி மெதில்பிரெட்னிசொலோன் ஸ்டீரொய்டு 1 கிராம் மூன்று நாள் ஏற்றினால் தொற்று இன்னும் கூடும். உண்மையான மீள்தாக்கம் என்றால் புது அறிகுறி 24 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும், காய்ச்சலோ தொற்றோ இருக்காது. ஸ்டீரொய்டுக்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தச் சீனி இரண்டும் பார்க்க வேண்டும். அடிக்கடி போகுது என்பதற்குக் குளிசை எழுதுமுன், போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேன் பண்ணுங்கள். 100 மில்லிலீட்டருக்கு மேல் நின்றால் அந்தக் குளிசை நிலைமையை மோசமாக்கும், குழாய் போட்டு எடுக்கப் பழக்க வேண்டியிருக்கும். பகலில் ஒன்றரை லீட்டருக்குக் குறையாமல் குடித்து, படுக்க இரண்டு மணித்தியாலம் முன்னம் நிறுத்தினால் இரவு நடை குறையும்.

நோயாளி கையில் வைத்திருக்கும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் நோயின் பெயர், மருந்தும் அளவும், மீள்தாக்கம் வந்தால் செய்ய வேண்டியது, நிபுணரின் கிளினிக் தொடர்பு, இந்த நாலையும் ஆங்கிலத்தில் ஒட்டிவைத்தால் டிக்கோயாவிலோ பதுளையிலோ இரவில் போய் விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை.

கிளினிக் கொப்பி:

இதையெல்லாம் வைத்து வரைவு எழுதிவிட்டேன். டாக்டரின் மூன்று கேள்வி தனித் தாளில், நோயாளிக்கு முன்னம். பயணம், செலவு, மனநிலை, சிறுநீர் எல்லாம் சேர்ந்தாச்சு. முதல் கேள்வியை இப்படி வைத்திருக்கிறேன்: "நீங்கள் ஊசி போடத் தவறியது உண்டா?" சரியா தங்கச்சி?

சொல்லும் பொருளும்:

அக்கா, அதை மட்டும் மாற்றுங்கள். "தவறியது" என்றாலே குற்றம் சாட்டுகிற மாதிரி, எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "போன நாலு கிழமையில எத்தனை ஊசி போட ஏலாமப் போச்சு? எதனால?" என்று வையுங்கள். இதை முதலில் கேட்காதீர்கள். படி எத்தனை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, பேச்சு ஓடத் தொடங்கிய பிறகு நடுவில் கேளுங்கள்.